தாங்குகிற தையல்: வங்கத்துக் காந்தாவின் கலை

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய வடிவம்)



துணியைப் பற்றிப் பேச ஒருவனைக் கூப்பிட்டால் அவன் நெசவைப் பற்றித்தான் பேசுவான் என்று எதிர்பார்ப்பது இயல்பு. காஞ்சிபுரமும் சின்னாளப்பட்டியும் இருக்கிற நாட்டில் அது நியாயமும்கூட. ஆனால் நெய்த துணி கட்டப்பட்டு, துவைக்கப்பட்டு, நைந்து கிழிந்த பிறகு அதற்கு என்ன ஆகிறது என்பதைப் பற்றி நம் பல்கலைக்கழகங்களில் பேச்சே இல்லை. இன்று அதைத்தான் எடுத்துக்கொள்கிறேன்.

மேற்கு வங்கம், வங்கதேசம் என்று இன்று இரு நாடுகளில் பிரிந்து கிடக்கும் நிலப்பரப்பில், பழஞ்சேலைகளையும் வேட்டிகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கித் தைத்த போர்வைக்குக் காந்தா என்று பெயர். உங்களில் பலருக்கு இந்தப் பெயர் சேலைக்கடை வழியாகத்தான் அறிமுகமாகியிருக்கும். டசர் பட்டில் உடல் முழுக்க ஊசி வேலை செய்து, பல்லாயிரம் ரூபாய் விலைச்சீட்டோடு தொங்குமே, அது. அந்தச் சேலையைச் சற்று நேரம் மறந்துவிடுங்கள். கடைசியில் அதற்கு வருகிறேன்.

காந்தாவைப் பற்றி எழுதியவர்கள் பெரும்பாலும் அதை ஒரு கதையாகவே படித்திருக்கிறார்கள். இதற்கு ஒரு கவிஞருக்குப் பெரும் பங்கு உண்டு. ஜசீமுதீன் 1929-இல் 'நக்ஷி காந்தார் மாட்' என்ற கதைக்கவிதையை வெளியிட்டார். கணவனைப் பிரிந்த சாஜு என்ற கிராமத்துப் பெண் தங்கள் இருவருடைய வாழ்க்கையையும் ஒரு காந்தாவில் தைக்கிறாள். தான் இறந்தபின் தன் கல்லறைமேல் அதை விரிக்கச் சொல்கிறாள். வங்காளிகள் நெஞ்சில் அது ஆழமாகப் பதிந்துவிட்டது. காந்தா என்றால் எழுத்தறியாத பெண் ஊசியால் எழுதிய கடிதம் என்ற எண்ணம் அப்போதிருந்து வளர்ந்தது. நான் அதைப் பொய் என்று சொல்ல வரவில்லை. ஆனால் கடிதத்தைப் படிக்கிற அவசரத்தில் தாளை யாரும் பார்ப்பதில்லை.

என் கருத்து இதுதான். போர்வையைச் செய்கிற தையலும் சித்திரத்தை வரைகிற தையலும் காந்தாவில் ஒன்றே. முதலில் போர்வையைத் தைத்து முடித்துவிட்டுப் பிறகு அதன்மேல் அலங்காரம் செய்வது என்று அங்கே இரண்டு வேலை கிடையாது. அடுக்குகள் நழுவாமல் பிடித்து நிறுத்த வேண்டும் என்ற தேவையிலிருந்தே அதன் அழகு பிறக்கிறது. இதை ஐந்து பகுதிகளாகச் சொல்கிறேன்.

1. துணி

பழந்துணியில் தைப்பது வறுமையால் என்று சொல்லி முடித்துவிடுவது எளிது. வறுமையும் சிக்கனமும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் வசதியான வீடுகளிலும் பழந்துணியில்தான் தைத்தார்கள். ஏன் என்று தையல் தெரிந்தவரைக் கேட்டால் சொல்லிவிடுவார்.

புது நூல் துணி முதல் சில துவைப்பில் சுருங்கும். வெவ்வேறு தறியில் நெய்த நான்கு புதுத்துணிகளை அடுக்கித் தைத்தால், ஒவ்வொன்றும் ஒவ்வோர் அளவுக்குச் சுருங்கும்; போர்வை கோணிக்கொள்ளும். ஆண்டுக்கணக்கில் துவைத்த வேட்டி, சுருங்க வேண்டியதெல்லாம் சுருங்கி ஓய்ந்தது. கஞ்சியும் விறைப்பும் போய்விட்டதால் நான்கைந்து மடிப்பிலும் ஊசி வழுக்கிக்கொண்டு இறங்கும். உடம்புக்கும் அதைப்போல இதமான துணி வேறில்லை. பழைய நூல் சேலையில் தூளி கட்டுகிற நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

வேட்டி வெள்ளை. அன்றைய எளிய சேலைகளும் பெரும்பாலும் வெள்ளை உடலும் வண்ணக் கரையும் கொண்டவை. ஆகவே காந்தாவின் நிலம் வெள்ளையாக அமைந்தது. தைக்கும் நூலை அந்தச் சேலைக் கரைகளிலிருந்தே உருவினார்கள். கரையில் என்ன வண்ணம் இருந்ததோ அதுதான் காந்தாவின் வண்ணம். பழைய காந்தாக்களில் சிவப்பும் நீலமும் கறுப்பும் மேலோங்கி நிற்பதைப் பார்த்து, சிவப்பு மங்கலம், நீலம் கண்ணன் என்று பொருள் சொல்லுகிறவர்கள் உண்டு. இருக்கலாம். கரையில் அந்த நூல்தான் இருந்தது என்பது அதைவிட உறுதியான காரணம்.

அடுக்குக் கணக்கும் பயனைப் பொறுத்தது. குளிர்காலத்துக்கான லேப் காந்தா தடித்தது. பெட்டியையும் புத்தகத்தையும் சுற்றி வைக்கிற 'பைடன்' மெல்லியது, ஏறத்தாழச் சதுரமானது. கண்ணாடி, சீப்பு சுற்றி வைக்க 'ஆர்ஷிலதா', தலையணைக்கு 'ஓர்'. காசும் வெற்றிலையும் வைத்துக்கொள்ள 'துர்ஜனி' என்று ஒன்று உண்டு: ஒரு சதுரத் துண்டின் மூன்று முனைகளை உள்ளே மடித்துத் தைத்துவிட்டால் பணப்பை, நான்காவது முனை அதற்கு மூடி. வெட்டு இல்லை, வீண் இல்லை.

கிழிந்த துணிக்குக் காக்கும் சக்தி உண்டு என்ற நம்பிக்கை வட இந்தியா எங்கும் இருந்தது. காந்தாவின் உடன்பிறப்பான பீகாரின் சுஜனியை, பிறந்த குழந்தையைச் சுற்றுவதற்கென்று வீட்டுப் பெண்களின் பழஞ்சேலையில் தைப்பார்கள். வங்கத்து வைணவ ஞானி சைதன்யரின் தாய் சசிதேவி, துறவியாகிப் பூரியில் தங்கிவிட்ட மகனுக்கு யாத்திரிகர்கள் கையில் ஒரு காந்தா கொடுத்தனுப்பினாள் என்று வங்கத்தில் சொல்வார்கள். புதுத்துணி அல்ல அவள் அனுப்பியது.

உடுத்தின துணி உடுத்தினவரைக் கொண்டுவரும் என்ற உணர்வு வங்கத்துக்கு மட்டும் உரியதல்ல. அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தில், ஆற்று வளைவுக்குள் ஒதுங்கிக் கிடக்கும் ஜீஸ் பெண்ட் என்ற சிற்றூரில், பருத்திப் பண்ணை அடிமைகளின் வழிவந்த கறுப்பினப் பெண்கள் தலைமுறை தலைமுறையாக ஒட்டுப் போர்வைகள் தைத்துவந்தார்கள். 1942-இல் மிசூரி பெட்வே என்ற பெண், கணவர் இறந்தபின் அவர் வயலுக்கு அணிந்த உடைகளைப் பிரித்து ஒரு போர்வை தைத்தார். அவ்வூர்ப் போர்வைகளில் முழங்கால் தேய்ந்து வெளுத்த இடமும், பை இருந்து பிரிக்கப்பட்டதால் வெளுக்காமல் நின்ற இடமும் அப்படியே சித்திரத்தின் பகுதியாகிவிடும். 2002-இல் ஹியூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் அவை தொங்கியபோது நவீன ஓவியங்களோடு ஒப்பிட்டுப் புகழ்ந்தார்கள். வண்ணத் துண்டுகளை இணைப்பதில் அவர்களுடைய கலை இருக்கிறது. காந்தாவில் அப்படி இணைப்பு இல்லை, முழுத்துணிமேல் முழுத்துணி. அங்கே கலை வேறோரிடத்தில் தொடங்குகிறது.

2. தையல்

என் பேச்சின் நடுப்பகுதி இதுதான். சற்றுப் பொறுமையாகக் கேளுங்கள்.

வீட்டு முற்றத்தில் துணிகளை விரித்து, சுருக்கம் நீவி, ஓரங்களில் பாரம் வைப்பார்கள். நான்கு ஓரங்களையும் மடித்துத் தைத்த பின், குறுக்கே இரண்டு மூன்று வரிசை நீளத் தையல் ஓட்டுவார்கள். அவ்வளவுதான், இனி அதைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போகலாம். சமையல் முடிந்த பிற்பகலில் மடியில் போட்டுத் தைக்கலாம், அழைத்தால் மடித்து வைத்துவிட்டு எழுந்து போகலாம். மழைக்காலம் தொடங்கி வேலை மாதக்கணக்கில் நீளும்.

இங்கே கவனிக்க வேண்டியது, சட்டம் இல்லை என்பது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் போர்வை தைக்கிறவர்கள் துணியை மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டுவார்கள். சுற்றிலும் பல பெண்கள் உட்கார்ந்து தைப்பார்கள். துணி விறைப்பாக நிற்பதால் தையல் சீராக விழும், பரப்பு தட்டையாக இருக்கும். காந்தாவில் துணியை இழுத்துப் பிடிப்பது தைப்பவளின் கை மட்டுமே. ஊசியை மூன்று நான்கு முறை மேலும் கீழும் ஏற்றி, நூலை இழுத்தவுடன் துணி இலேசாகச் சுருங்குகிறது. அடுத்த வரிசை அதன் அருகிலேயே ஓடும்போது இன்னொரு சுருக்கம். இப்படி ஆயிரக்கணக்கான சிறு சுருக்கங்கள் சேர்ந்து துணி முழுவதும் அலையடிக்கிறது. பழைய காந்தாவைத் தடவிப் பார்த்தவர்கள் அந்த மேடுபள்ளத்தை மறக்க மாட்டார்கள்.

பயன்படுவதும் நம் பாட்டிமார் துணி ஒட்டப் போட்ட அதே சாதாரண ஓட்டுத் தையல்தான். பூவின் விளிம்பை வரைவதும் பூவுக்குள் நிரப்புவதும் பூவுக்கு வெளியே வெற்றிடத்தை மூடுவதும் அது ஒன்றே. வெளி நிலத்துக்கு வெள்ளைமேல் வெள்ளை நூல். சாதாரணமாகப் பார்த்தால் தெரியாது. பக்கவாட்டில் வெளிச்சம் விழுந்தால் தெரியும். அந்த வெள்ளைத் தையல் நேர்கோடாக ஓடாமல் மீனையோ யானையையோ அதன் வடிவம் பற்றியே சுற்றிச் சுற்றி வரும். குளத்தில் மீன் துள்ளினால் வட்டம் விரிவது போல் இருக்கிறது என்று பார்ப்பவர்கள் சொல்வதுண்டு. தைத்தவள் அப்படி நினைத்துத்தான் தைத்தாளா என்பது வேறு. வெற்றிடத்தில் தையல் இல்லாவிட்டால் அங்கே அடுக்குகள் பிரிந்து பையாகத் தொங்கும், துவைத்தால் உள்ளே கசங்கிச் சுருளும். ஆகவே அங்கே தைத்தே ஆக வேண்டும். தைத்தே ஆக வேண்டிய இடத்தில், ஏற்கெனவே தைத்த உருவத்தின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு போவதுதான் ஊசிக்கு எளிய வழி.

ஓவியத்தில் பின்புலம் என்று ஒதுக்கிவிடுகிறோமே, அது காந்தாவில் அதிக உழைப்பை வாங்குகிற பகுதி. உருவங்களை மட்டும் படம் எடுத்து அச்சிடுகிற நூல்கள் அந்த உழைப்பையே வெட்டி எறிந்துவிடுகின்றன.

'தோருக்கா' என்று ஒரு வகை உண்டு. இரு முகமும் ஒன்றே. முன்பக்கம் எது பின்பக்கம் எது என்று சொல்ல முடியாதபடி, முடிச்சு வெளியே தெரியாமல் தைத்தது. ஓட்டுத் தையல் இரு பக்கமும் ஒன்றுபோல விழுகிற தையல் ஆகையால்தான் இது முடிகிறது. ராஜ்ஷாஹிப் பகுதியின் 'லஹரி' காந்தாவில் உருவமே கிடையாது. அலைக்கோடுகள் நெருங்கி ஓடுவது மட்டும்தான். போர்வை தாங்க என்ன தையல் வேண்டுமோ அதுவே முழுச் சித்திரமும். என் கருத்துக்கு இதைவிட நேரான சாட்சி இல்லை.

3. அமைப்பு

சித்திரக் காந்தாவின் நடுவே பெரும்பாலும் ஒரு தாமரை இருக்கும். நான்கு மூலையிலும் மரமோ மாங்காய் வடிவமோ நடுவை நோக்கிச் சாய்ந்திருக்கும். இடையில் பல்லக்கு, தேர், குதிரை, யானை, ராதையும் கண்ணனும், இவற்றோடு பாக்குவெட்டி, சீப்பு, மைச்சிமிழ், சீட்டுக்கட்டு, பிறகு வந்த நாட்களில் ரயில் வண்டி. புராணத்துக்கும் பாக்குவெட்டிக்கும் ஒரே அளவு இடம்.

கலைவரலாற்றாசிரியர் ஸ்டெல்லா கிராம்ரிஷ் 1939-இல் எழுதிய கட்டுரையில் இந்த நடுத்தாமரையை மண்டலமாகக் கண்டார். கிழிந்தவை மீண்டும் ஒன்றாவதில் ஒரு சடங்கைக் கண்டார். அழகான வாசிப்பு அது. ஆனாலும் எனக்கு இன்னொன்று முதலில் தெரிகிறது. மேல், கீழ் என்பது இந்தச் சித்திரத்தில் இல்லை. ஒரு பக்கத்தில் நிற்கும் குதிரை அடுத்த பக்கத்திலிருந்து பார்த்தால் படுத்திருக்கும், எதிர்ப்பக்கத்திலிருந்து தலைகீழாக நிற்கும். தைப்பவள் தரையில் உட்கார்ந்து, துணியை மடியில் திருப்பித் திருப்பித் தைத்ததன் விளைவு இது. எந்த விளிம்பு தன் பக்கம் இருக்கிறதோ அதற்கு நேராக உருவம் நிற்கும். பயன்பட்டபோதும் அது தரையிலோ கட்டிலிலோ விரிந்து கிடந்தது. நான்கு பக்கமும் ஆட்கள்.

அருங்காட்சியகம் அதைச் சுவரில் தொங்கவிடுகிறது. உடனே உச்சி, அடி வந்துவிடுகிறது. பாதி உருவங்கள் தவறாக நிற்பவை போலத் தோன்றுகின்றன. 'கிராமத்துப் பெண்ணின் கள்ளமற்ற கற்பனை' என்று அதற்கு ஒரு குறிப்பு வேறு எழுதி ஒட்டுகிறார்கள். கற்பனையில் கோளாறு இல்லை. தொங்கவிட்ட ஆணியில்தான் கோளாறு.

4. பெயர்

இதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வங்கத்தில் காந்தா தைத்த பெண்களின் பெயர்கள் எல்லாமே மறைந்துவிட்டன என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. எல்லாமும் அல்ல. கொல்கத்தாவை அடுத்த ஜோக்காவில் குருசதய் அருங்காட்சியகத்தில் மானதாசுந்தரி என்ற பெண் தந்தைக்காகத் தைத்த காந்தா இருக்கிறது. தன் பெயரையும் தந்தைக்கான காணிக்கை என்பதையும் ஊசியாலேயே எழுதியிருக்கிறார். எழுத்தும் உருவங்களைப் போலவே ஓட்டுத் தையலில், அடுக்குகளைப் பிடித்தபடி ஓடுகிறது. ஜசீமுதீன் காவியத்துக்கு இதை ஆதாரமாகக் காட்டலாம். நான் காட்டுவது வேறு: பெயர் கூட அங்கே போர்வையின் பாரத்தைத் தாங்குகிறது.

அந்த அருங்காட்சியகத்தின் தொகுப்பு குருசதய் தத் சேர்த்தது. ஐ.சி.எஸ். அதிகாரியாக மாவட்டம் மாவட்டமாகப் போனவர். கிராம்ரிஷ் சேர்த்தவை ஃபிலடெல்பியா கலை அருங்காட்சியகத்துக்குப் போயின. பிறர் கந்தல் என்று எண்ணியதை இவர்களைப் போன்றவர்கள் எடுத்து வைக்காமல் இருந்திருந்தால், இன்று நமக்குப் பார்க்கப் பத்தொன்பதாம் நூற்றாண்டுக் காந்தா மிகச் சிலவே மிஞ்சியிருக்கும். பயன்பட்ட துணி தேய்ந்து போகும். அதுதான் அதன் விதி.

வீட்டுக்காகத் தைத்த காந்தாவுக்கு நேர்மாறான ஒன்றும் அதே வங்கத்திலேயே நடந்திருக்கிறது. 16, 17-ஆம் நூற்றாண்டுகளில் சாத்காவ், ஹூக்ளி வட்டாரத்தில் போர்த்துகீசிய வணிகர்களுக்காக 'கோல்ச்சா' என்ற பூவேலை விரிப்புகள் செய்தார்கள். வெள்ளைப் பருத்திமேல் பொன்மஞ்சள் காட்டுப்பட்டு நூல், பெரும்பாலும் சங்கிலித் தையல். சாலமன் மன்னனின் தீர்ப்பு, வேட்டைக் காட்சி, கப்பல்கள். லிஸ்பனிலும் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்திலும் அவற்றைக் காணலாம். கூலிக்குத் தைத்த தேர்ந்த கைகள் அவை. ஊசித் திறத்தில் காந்தாவுக்குக் குறைந்தவை அல்ல. ஆனால் சித்திரம் வாங்குபவருடையது, துணி புதியது. இன்றைய சந்தையைப் புரிந்துகொள்ள இந்தப் பழைய ஏற்றுமதி உதவும்.

5. சந்தை

டசர் சேலைக்கு வந்துவிட்டேன்.

1947-இல் நாடு பிரிந்தபோது காந்தா விளைந்த மாவட்டங்களும் இரண்டாகப் பிரிந்தன. ஜெசூர், ஃபரித்பூர், ராஜ்ஷாஹி, ஜமால்பூர் ஒரு பக்கம். முர்ஷிதாபாத், நதியா, பீர்பூம் மறுபக்கம். இரு பக்கமும் அந்தக் கலை வீட்டு வேலை என்ற நிலையிலிருந்து கூலி வேலையாக மாறியது. மேற்கே சாந்திநிகேதனின் கலைப்பள்ளியான கலாபவனம் அதைச் சேலைக்கும் துப்பட்டாவுக்கும் கொண்டுவந்ததில் முன்னோடி. கிழக்கே, 1971 போருக்குப் பின் பெண்களுக்குப் பிழைப்பு தேடியபோது காந்தா கைகொடுத்தது; பிராக் என்ற தொண்டு அமைப்பு 1978-இல் தொடங்கிய ஆரோங் கடைகள் அதை நகரத்துக்குக் கொண்டுசென்றன. 2008-இல் மேற்கு வங்கத்தின் நக்ஷி காந்தாவுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. காந்தாக் கலைஞர்கள் பிரீத்திகணா கோஸ்வாமிக்கு 2023-இலும் தக்தீரா பேகத்துக்கு 2024-இலும் பத்மஸ்ரீ கிடைத்தது. பெண்கள் சம்பாதிக்கிறார்கள், பெயர் பெறுகிறார்கள். இதைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை.

ஆனால் கலைவரலாற்று மாணவன் ஒன்றைப் பதிவு செய்ய வேண்டும். சேலை ஒற்றைத் துணி. அங்கே பிடித்து நிறுத்த அடுக்கு எதுவும் இல்லை. தாளில் வரைந்த சித்திரத்தைத் துணியில் பதித்து, உருவத்துக்குள் மட்டும் ஓட்டுத் தையலால் நிரப்புகிறார்கள். சுற்றியுள்ள வெற்றிடத்தில் ஊசி படுவதே இல்லை. பட்டால் பட்டுச் சுருங்கும், வாங்குபவர் திருப்பிக் கொடுப்பார். தையல் அதேதான், வேலை போய்விட்டது. பழைய பெயரைத் தாங்கிய வேறொரு கலை அது. நல்ல கலையும்கூட.

வெளிநாட்டுக் கடைகளுக்குப் போகும் மலிவான காந்தாப் போர்வைகளைப் பார்த்திருப்பீர்கள். இரண்டு மூன்று பழைய அச்சுச் சேலைகளை அடுக்கி, இந்த ஓரம் தொடங்கி அந்த ஓரம் வரை நேர்வரிசையில் தைத்தவை. பூவும் இல்லை, யானையும் இல்லை. சேகரிப்பாளர்கள் இவற்றைத் திரும்பிப் பார்ப்பதில்லை. என் கணக்கில் பரிசு பெறும் பட்டுச் சேலையைவிட இவைதான் காந்தாவுக்கு நெருங்கிய உறவு. பழந்துணி, அடுக்கு, தாங்குகிற தையல் மூன்றும் இருக்கின்றன. இந்தக் கருத்தை ஏற்காதவர்கள் இந்த அவையிலேயே இருப்பார்கள் என்று தெரியும். கேள்வி நேரத்தில் பேசலாம்.

சந்தைக்கான சித்திரத்தையும் தாங்குகிற தையலையும் இணைக்க முயன்ற ஓரிடத்தையும் சொல்ல வேண்டும். பீகாரில் முசாபர்பூர் மாவட்டத்து பூசுரா கிராமம். பாட்னாவில் விஜி ஸ்ரீநிவாசன் நிறுவிய ஆதிதி என்ற பெண்கள் அமைப்பின் துணையோடு 1988 வாக்கில் அங்கே சுஜனி மறுபடி உயிர்பெற்றது. புதுத்துணிதான், விளிம்புக் கோட்டுக்குச் சங்கிலித் தையலும் வந்துவிட்டது. ஆனால் வெற்றிடத்தை விடவில்லை. துணியின் நிறத்திலேயே நூல் எடுத்து, நிலம் முழுவதும் ஓட்டுத் தையல் ஓடுகிறது. சித்திரங்களில் வரதட்சணை, பெண்சிசுக் கொலை, வங்கிக் கணக்கு தொடங்கப் போகும் பெண்கள். அவ்வூர் நிர்மலா தேவிக்கு 2025-இல் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது. செய்திகள் எல்லாம் சித்திரத்தின் பொருளைப் பற்றியே பேசின. நிலத்தைப் பற்றி ஒரு வரி இல்லை.

பழைய முறைக்குத் திரும்பலாமே என்று கேட்பீர்கள். பழந்துணிக்கு எங்கே போவது? வங்கத்துக் கிராமத்திலும் இன்று அன்றாடச் சேலை பாலியெஸ்டர் கலந்தது. அது நூல் துணியைப்போல நைந்து மென்மையாவதில்லை, வியர்வையை உறிஞ்சுவதில்லை, கரையிலிருந்து உருவினால் தைக்க ஏற்ற நூல் வருவதில்லை. நம் ஊரில் தூளிக்குப் பழைய நூல் சேலை கிடைக்காமல் கடையில் தொட்டில் துணி வாங்குகிறோம் அல்லவா, அதே கதைதான். காந்தா குறைந்ததற்குப் பெண்களின் நேரமின்மையைச் சொல்கிறார்கள், தொலைக்காட்சியைச் சொல்கிறார்கள். துணி மாறியதை முதலில் சொல்ல வேண்டும்.

இங்கிருக்கும் ஆய்வு மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுக்கித் தைத்த எந்தத் துணியை ஆவணப்படுத்தினாலும், எத்தனை யானை, எத்தனை தாமரை என்று பட்டியல் போடுவதற்கு முன் நான்கு கேள்விகளை எழுதிக்கொள்ளுங்கள். எத்தனை அடுக்கு? நடு அடுக்கில் என்ன துணி? உருவமில்லாத இடத்தில் தையல் எந்தத் திசையில் ஓடுகிறது? பின்பக்கம் எப்படி இருக்கிறது? காப்பாளர் துணியைப் புரட்டிக் காட்டத் தயங்குவார். விடாதீர்கள், கேளுங்கள்.